வாஹித் பாஷாவின் இடப்பக்கம்

ஆம்பூரில் வாஹித் பாஷாவின் இடப்பக்கத்தில் போய் நின்றவர்கள் யார் கண்ணுக்கும் தெரியாமல் போக ஆரம்பித்தது ஓர் ஆடி மாதக் கடைசியில். அந்த வாரம் ஆட்டுக்கறி கிலோவுக்கு நாற்பது ரூபாய் ஏறியிருந்தது. ஊரில் அதைப் பற்றித்தான் பேச்சு அதிகம். ஸ்டேஷன் பக்கத்து டீக்கடை பெஞ்சில் வாஹித் பாஷாவும், அவருடன் ஒரே தோல் கம்பெனியில் வேலை பார்க்கும் ஆதிகேசவனும் வழக்கம்போல் உட்கார்ந்திருந்தார்கள். வலப்பக்கம் வெயில் ஏறியதால் ஆதிகேசவன் எழுந்து இடப்பக்கம் மாறி உட்கார்ந்தார். இரண்டு கிளாஸுடன் வந்த டீ மாஸ்டர், "ஆதி எங்க போய்ட்டாரு பாய்?" என்று கேட்டார். "இங்கதான் கீறேன், குடு" என்று வெறும் பெஞ்சிலிருந்து குரல் வந்தது. நீட்டிய கிளாஸ் கையை விட்டுப் போய் மறைந்தது, சற்று நேரத்தில் காலியாகத் திரும்பி வந்தது. டீ மாஸ்டர் அதைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

அந்த இடம் ஆரம்பத்தில் பெரிதில்லை. வாஹித் பாஷாவின் இடது காதோரம் தொடங்கி, கையை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் முடிந்துவிடும். அவர் நடந்தால் கூடவே நடக்கும், திரும்பினால் திரும்பும். உள்ளே போனவர்கள் வெளியே வந்ததும் பழையபடி தெரிந்தார்கள், அதனால் யாரும் பயப்படவில்லை. நம்ம ஊர்க்காரர்கள் எதையும் வீணாக்குகிறவர்களா என்ன. கம்பெனியில் சூப்பர்வைசருக்குத் தெரியாமல் பீடி இழுக்க அவர் பக்கம் ஒதுங்கினார்கள். பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்தி எதிரே வந்தால், பாய் எங்கே என்று தேடி அவர் இடப்பக்கம் போய்ச் சேர்ந்துகொண்டார்கள். வாஹித் பாஷாவுக்கு மட்டும் இதெல்லாம் விளங்கவில்லை. நேரே பார்த்தால் அவருக்கு எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. பஸ் போர்டு தெரிந்தது, ஊசியில் நூல் கோத்தார். கண்ணில் ஏதோ கோளாறு என்று யாராவது சொன்னால் கோபம் வந்தது.

அவருடைய வேலை கண்ணால் செய்கிற வேலை. பதப்படுத்தி முடித்த தோலை மேஜைமேல் விரித்து, முள் கீறல், உண்ணிக் கடி, உரிக்கும்போது பட்ட கத்திக் காயம் எல்லாம் பார்த்து, முதல் ரகம் இரண்டாம் ரகம் என்று பிரிப்பார். செலக்‌ஷன் மேஜையில் அவர் கை வைத்த தோலை முதலாளி மறுபடி பார்ப்பதில்லை. அந்த வருஷம் அனுப்பிய சரக்கில் ஒவ்வொரு தோலுக்கும் இடது ஓரத்தில் காயம் இருந்தது. ஆம்பூரில் இருந்தவரை அந்தக் காயங்கள் ஒருவர் கண்ணிலும் படவில்லை. மேஜையைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் சுத்தமான தோல் என்றுதான் சொன்னார்கள். கப்பல் ஏறி வேறு தேசத்தில் பெட்டியைத் திறந்தபோதுதான் அவை வெளியே வந்தன. சரக்கு திரும்பியது. முதலாளி நல்ல மனிதர், சத்தம் போடவில்லை. "பாய், கொஞ்ச நாள் கேட்டுல உக்காருங்க, வர்ற போற வண்டியப் பாத்துக்குங்க" என்றார். இருபத்தைந்து வருஷம் மேஜைக்கு முன் நின்ற மனிதர் கேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இடப்பக்கமாக வந்த லாரிகள் அவர் சொல்லாமலேயே உள்ளே போயின, சொல்லாமலேயே வெளியே போயின. மூன்றாம் மாதம் அவரே நின்றுவிட்டார்.

வீட்டில் நிலைமை வேறு மாதிரி போனது. நடுவழியில் ஸ்டூலைப் போட்டது யார் என்று தினமும் ஒரு சண்டை. ஸ்டூல் இருந்த இடத்தில்தான் இருந்தது. படியில் கடைசிப் படி எது என்று தெரியாமல் காலைத் துழாவி இறங்கினார். பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்கிற தொட்டியோரம் வழுக்கி முழங்காலை உடைத்துக்கொண்டார். உமர் ரோட்டில் பைக்கில் வந்த ஒருவன் இடித்துவிட்டு, "கண்ணு இன்னா பொடனிலயா கீது?" என்று கேட்டுவிட்டுப் போனான். அதற்குப் பிறகு மஃரிப், அந்தித் தொழுகைக்கு மேல் வெளியே போவதை நிறுத்தினார். கல்யாண வீட்டுக்குக் கூப்பிட்டால் வயிறு சரியில்லை என்றார். மனைவி நசீமுன்னிசா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் அம்பரீன் ஷூ கம்பெனி ஆபீஸில் வேலை பார்ப்பவள், நாலு விஷயம் தெரிந்தவள், டாக்டரிடம் போகலாம் என்று நச்சரித்தாள். கண்ணாடி மாற்றினால் சரியாகிவிடும் என்று அவர் தள்ளிப்போட்டார். வீட்டில் அவர்கள் பேசுவது உருது. இங்கே தமிழில் தரப்படுகிறது.

பிறகுதான் ஆடு போனது. பக்கத்து வீட்டு மேகலா சினையாடு ஒன்று வளர்த்தாள். அது கயிற்றை அறுத்துக்கொண்டு, வாசலில் நின்றிருந்த வாஹித் பாஷாவின் இடப்பக்கம் போயிற்று. திரும்பி வரவில்லை. மேகலா பொழுது சாயும்வரை தேடிவிட்டு வந்து கேட்டாள்.

"நான் பாக்கலியேம்மா."

"நீங்க பாக்கலன்றதுனாலதான் பாய் காணோம்" என்றாள் மேகலா. கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து தெருவில் பிள்ளைகளை அவருடைய வலப்பக்கமாகவே கூட்டிப் போனார்கள். பீடி குடிக்க வந்தவர்களும் வருவதை விட்டார்கள்.

அடுத்த வருஷம் ஆவணியில் வேலூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவர், மனைவி, மகள் மூவரும் போனார்கள். காலையில் சீட்டு வாங்கி, மத்தியானம் கூப்பிட்டார்கள். ஒரு வெள்ளைக் கிண்ணம் போன்ற மிஷினுக்குள் முகத்தை வைத்து, நடுவில் இருக்கிற விளக்கையே பார்க்க வேண்டும். ஓரத்தில் எங்கே புள்ளி வெளிச்சம் மின்னினாலும் பொத்தானை அழுத்த வேண்டும். வாஹித் பாஷா சிரத்தையாக உட்கார்ந்திருந்தார். நெடுநேரம் எதுவும் மின்னவில்லை. மிஷினைப் பார்த்துக்கொள்ளும் டேனியலிடம், "தம்பி, உங்க மிஷின் ரிப்பேர் போல கீது" என்றார். டேனியல் மற்றக் கண்ணை மூடிவிட்டு மறுபடி தொடங்கினான்.

டாக்டர் ஒரு பெண். படத்தில் இடப்பக்கம் முழுக்கக் கறுப்பாக இருந்ததைக் காட்டினார். கிளாக்கோமா என்றார். கண்ணுக்குள் நீரின் அழுத்தம் ஏறி, பின்னால் இருக்கிற நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுப்போகிறது, வலியில்லாமல் போகிறது, ஓரத்திலிருந்து போகிறது, அதனால்தான் யாருக்கும் முதலில் தெரிவதில்லை என்று பொறுமையாகச் சொன்னார். "போனது வராதுங்க. இருக்கறதக் காப்பாத்திக்கலாம். மூணு வேளையும் சொட்டு மருந்து போடணும், ஒரு வேளை கூட விடக்கூடாது. பார்வை கூடலியேன்னு நிறுத்திடாதீங்க, இது கூட்டற மருந்து இல்ல." பிறகு நிமிர்ந்து, "வீட்டம்மா வரலயா?" என்றார். "வந்திருக்கேன் டாக்டர்" என்று வாஹித் பாஷாவின் இடப்பக்கத்திலிருந்து நசீமுன்னிசாவின் குரல் வந்தது. டாக்டருக்கு அது புதிதில்லை போலிருக்கிறது. ஒரு நாற்காலியை வலப்பக்கம் இழுத்துப் போட்டு, "இங்க வாங்கம்மா. அந்தப் பக்கம் நிக்காதீங்க. இவரு மருந்து போடாம விட விட அது பெருசாயிட்டே போவும், அப்புறம் வர முடியாது" என்றார். நசீமுன்னிசா வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பிள்ளைகளுக்கும் இது வரலாம், மகளுக்கும் ஒரு தரம் பார்த்துவிடுங்கள் என்று சொல்லி டாக்டர் அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அந்தக் கடைசி வார்த்தைதான் நசீமுன்னிசாவின் மனதில் முள்ளாகத் தைத்தது. பேரணாம்பட்டிலிருந்து தன்சீல் அகமது என்ற பையனுக்கு அம்பரீனைக் கேட்டு வந்திருந்தார்கள். நல்ல இடம். குடும்பத்தில் கண் போகிற வியாதி என்று தெரிந்தால் நிஸ்பத், பேசி வைத்த சம்பந்தம் நிற்குமா? ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கல்யாணம் முடிகிறவரை யாருக்கும் தெரியக்கூடாது என்று அவள் முடிவு செய்தாள். கைத்தடி வாங்க வாஹித் பாஷாவும் சம்மதிக்கவில்லை. ஆகவே வெளியே போகும்போதெல்லாம் அவளே அவருடைய இடது முழங்கையைப் பிடித்துக்கொண்டு இடப்பக்கம் நடந்தாள். படி வந்தால் படி என்பாள், பள்ளம் வந்தால் இழுப்பாள். பார்க்கிறவர்களுக்கு வாஹித் பாஷா தனியாக, ஒரு கையை லேசாக மடித்து, தடுமாறாமல் நடந்து போவதாகத் தெரிந்தது. கல்யாணப் பாத்திரம் வாங்க வேலூர் லாங் பஜாருக்குப் போனபோது, மூட்டை ஏற்றிய கைவண்டிகளும் பைக்குகளும் அவருக்கு இடப்பக்கம் ஓர் ஆள் அகலத்துக்கு வழிவிட்டுப் போனதை அம்பரீன் பின்னாலிருந்து பார்த்தாள்.

உள்ளே எப்படி இருக்கிறது என்று ஒரு நாள், தான் அம்மி என்று கூப்பிடும் அம்மாவிடம் அம்பரீன் கேட்டாள். "இருட்டா இருக்கும்னு நெனச்சேன். இருட்டு கூட இல்ல. ஒண்ணுமே இல்ல" என்றாள் நசீமுன்னிசா. பிறகு, "மேகலா ஆடு அங்கதான் கீது. ரெண்டு குட்டி போட்டிருக்கு" என்றாள். ஆரம்ப நாட்களில் வீட்டுக்கு வந்து அவர் கையை விட்டதும் அவள் தெரிந்துவிடுவாள். கார்த்திகையில் அவள் தெரிவதற்குச் சோறு பொங்குகிற நேரம் ஆயிற்று. தை பிறந்த பிறகு முகம் முதலில் வந்தது, உடம்பு பின்னால் வந்தது, விரல்கள் கடைசியில். ஒரு சாயந்திரம் விரல் இல்லாத கைகள் சப்பாத்தி தேய்ப்பதை அம்பரீன் பார்த்தாள். அன்று அப்பாவிடம் நேராகப் போய்ச் சொன்னாள். "அம்மிக்கு விரல் வர லேட்டாவுதுப்பா. மருந்த உட்றாதீங்க." அவர் பயந்துபோனார், அது உண்மை. அந்த மாதம் முழுக்க ஒரு வேளை தவறாமல் போட்டுக்கொண்டார். போட்டதும் கண் எரிந்தது, சிவந்தது, மத்தியானத்தில் தூக்கம் அழுத்தியது, தொண்டையில் வேப்பங்காய்க் கசப்பு இறங்கியது. ஆனால் நசீமுன்னிசாவின் விரல்கள் அதற்குமேல் தாமதிக்கவில்லை.

ரம்ஜான் பிறந்தது. வாஹித் பாஷா பன்னிரண்டு வயதிலிருந்து ஒரு நோன்பையும் விட்டதில்லை. காமாலை வந்த வருஷம்கூட விட்டதில்லை. அதில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு, இல்லையென்று சொல்ல முடியாது. முதல் நாள் மத்தியானம் சொட்டு மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு பள்ளிவாசலுக்குப் போய்த் தொழவைக்கும் ஹஜ்ரத்திடம் கேட்டார். "கண்ணுல மருந்து உட்டா நோன்பு முறியாது பாய், தாராளமா போடுங்க" என்றார் ஹஜ்ரத்.

"தொண்டையில கசப்பு எறங்குதே ஹஜ்ரத்."

"எறங்கினாலும் முறியாது. பெரியவங்க எல்லாம் சொல்லி வச்சதுதான்."

வாஹித் பாஷா தலையாட்டினார். ஆனால் தொண்டை அவருடையது, கசப்பு அவருக்குத்தான் தெரிந்தது. ஹஜ்ரத்தைவிடப் பெரிய பக்திமானாக ஆக நினைத்தால் இப்படித்தான். மத்தியான மருந்தைப் போடாமல் விட்டார். சில நாள் போனதும் சஹர் சாப்பாட்டு அவசரத்தில் விடியற்கால மருந்தும் விட்டுப்போயிற்று. தராவீஹ் இரவுத் தொழுகை முடிந்து வந்த அசதியில் ராத்திரி மருந்தும் போயிற்று. நானே போட்டுக்கொள்கிறேன் என்று நசீமுன்னிசாவிடம் சொல்லிவிட்டு, மருந்துப் புட்டியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பெருநாள் அன்று கண்ணாடியில் பார்த்தால் முகம் முழுசாகத் தெரிந்தது, தாடியில் ஒவ்வொரு நரையும் தெரிந்தது. சந்தோஷமாக ஆதிகேசவனிடம் போய், "ஒரு மாசம் மருந்தே உடல. இன்னா ஆச்சு? ஒண்ணும் ஆவல" என்றார். "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு ஆயிடப் போவுது பாய்" என்று சொல்லிவிட்டு ஆதிகேசவன் நாக்கைக் கடித்துக்கொண்டார். இந்த வியாதி சத்தம் போட்டுக்கொண்டு வருகிற வியாதி இல்லை. இது அவருக்கும் டாக்டர் சொல்லித்தான் இருந்தது. பெருநாளுக்குப் பிறகும் அவர் மருந்து போடவில்லை. நசீமுன்னிசா இப்போது ராத்திரி படுக்கிற நேரத்தில்தான் முழுசாக வந்தாள். கல்யாண வேலை தலைக்குமேல் இருந்ததால் அவளும் அதைப் பேசவில்லை. இன்னும் கொஞ்ச நாள்தானே என்று நினைத்திருப்பாள், பாவம்.

நிக்காஹ் பெருநாள் மாதத்திலேயே, பைபாஸ் பக்கம் ஒரு மஹாலில் நடந்தது. வாசலில் உயரமான படிகள், இரண்டு பக்கமும் மாப்பிள்ளை வீட்டார். நசீமுன்னிசா பட்டுப் புடவைமேல் புர்கா போட்டுக்கொண்டு, ஆட்டோவிலிருந்து இறங்குமுன் அவருடைய முழங்கையைப் பிடித்தாள். வாஹித் பாஷா நிமிர்ந்து, ஒரு படியும் தடுக்காமல் ஏறினார். சம்பந்தி கட்டித் தழுவினார். எல்லாம் நல்லபடியாக இருந்தது. அவரை மேடையோரம் உட்கார வைத்துவிட்டு நசீமுன்னிசா கையை விட்டாள். பெண்கள் பக்கம் போக நடந்தாள். நடந்தாள், நடந்தாள், அந்த இடம் முடியவில்லை. ஆண்கள் பக்கத்து இடது வரிசை நாற்காலிகள் மொத்தமும் அதற்குள் இருந்தன. உட்கார்ந்திருந்தவர்கள் காணாமல் போய், பதறி எழுந்து வெளியே ஓடி வந்து தெரிந்தார்கள். அவள் மட்டும் வெளியே வர முடியாமல் நின்றாள். இத்தனை மாதம் அங்கேயே நடந்து பழகிய கால்கள், அந்த இடம் அவளை விடவில்லை.

பெண்ணிடம் சம்மதம் கேட்க அவள் தரப்பு வகீலும் சாட்சிகளும் வந்தார்கள். தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்த அம்பரீன், "அம்மி வரட்டும்" என்றாள். காத்திருந்தார்கள். மறுபடி கேட்டார்கள், மறுபடி அதையே சொன்னாள். கடைசியில் விஷயம் புரிந்த ஆதிகேசவன், பாயைக் கையைப் பிடித்து அழைத்து வந்து, பெண்கள் அறை வாசலில், இடப்பக்கம் மகளைப் பார்த்திருக்கும்படி நிறுத்தினார். அம்பரீன் எழுந்து வந்தாள். எல்லாப் பெண்களும் பார்த்தார்கள்: அவள் அந்தப் பக்கம் கையை நீட்டினாள், கை மறைந்தது, தோள் மறைந்தது, ஜரிகை முக்காடு பாதி மறைந்தது. பிறகு யாரோ பிடித்துத் தள்ளியதுபோல் பின்னால் வந்து விழுந்தாள். தலையில் சாய்ந்திருந்த மல்லிகைச் சரம் நேராக்கப்பட்டிருந்தது. "நீ இங்க வராத" என்று நசீமுன்னிசாவின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "நான் பாத்துக்கினுதான் கீறேன். ஒத்துக்கோ." அம்பரீன் தரையில் உட்கார்ந்தபடியே சம்மதம் சொன்னாள். நிக்காஹ் நடந்தது. பிரியாணி நன்றாக இருந்ததாகப் பேரணாம்பட்டுக்காரர்கள் சொன்னார்கள்.

அன்று ராத்திரியும் நசீமுன்னிசா வரவில்லை, மறுநாளும் வரவில்லை. மறுவீட்டுக்கு வந்த அம்பரீன், அழுக்குத் துணி துவைக்க எடுத்தபோது அப்பாவின் சட்டைப்பையில் முக்கால்வாசி குறையாத மருந்துப் புட்டியைக் கண்டாள். அப்பா முன் அதை வைத்துவிட்டுப் போனாள். வாஹித் பாஷா அதைப் பார்த்தார். அவருக்கு நேரே இருந்ததால் நன்றாகத் தெரிந்தது. வாய்விட்டு அழுதார். தெருவில் எல்லோருக்கும் கேட்டது. இதைக் கேள்விப்பட்டு வந்த மாப்பிள்ளையின் அம்மா, அவருக்கு நேரெதிரே உட்கார்ந்து, "முன்னாடியே சொல்லியிருக்கலாமே பாய். என் அண்ணனுக்கும் இதே வியாதிதான், பத்து வருஷமா மருந்து போட்டுக்கினு கடைக்குப் போய் வராரு. இதுக்குன்னு நாங்க வேணாம்னு சொல்லியிருப்போமா?" என்றாள். அவள் மறுவாரமே மருமகளை வேலூருக்குக் கூட்டிப்போய்க் கண்ணைக் காட்டினாள். இப்போதைக்கு ஒன்றுமில்லை, வருஷா வருஷம் வாருங்கள் என்றார்கள்.

இப்போது வாஹித் பாஷா கைத்தடி வைத்திருக்கிறார். வீட்டில் இரண்டு தட்டில் சோறு வைக்கிறார், இரண்டும் காலியாகின்றன. அவர் வெளியே கிளம்பினால் தெரு இடப்பக்கம் ஒதுங்கிக்கொள்கிறது. ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடிக்காமல் சுற்றிப் போகிறார்கள். அம்பரீன் பேரணாம்பட்டிலிருந்து வரும்போது அப்பாவுக்கு நேரெதிரே நாற்காலியை நடுவாகப் போட்டு உட்காருவாள், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகரமாட்டாள். அவளுக்கு இது ஐந்தாம் மாதம். வலப்பக்கம் உட்கார்ந்திருந்த ஆதிகேசவனின் தோள் போன வாரம் கொஞ்சம் மங்கலாக இருந்ததாக டீக்கடையில் சொல்கிறார்கள். ஆதிகேசவன் இல்லவே இல்லை என்கிறார். ஆனால் அவரும் பெஞ்சை விட்டு ஒரு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்ள ஆரம்பித்திருக்கிறார்.

இந்த ரம்ஜானிலும் அவர் எல்லா நோன்பும் வைத்தார். லுஹர், மத்தியானத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் வராந்தாவில் தூணோரம் மல்லாந்து படுத்துக்கொள்வார். சட்டைப்பையிலிருந்து மருந்துப் புட்டி தானாக எழும்பி, இடப்பக்கம் போய் மறையும். இமை தானாக விலகும். ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஒரு சொட்டு இறங்கி இடது கண்ணில் விழும், பிறகு வலது கண்ணில். அதன்பின் மூக்கோரத்தில், கண் முடிகிற இடத்தில், தோல் ஒரு விரல் நுனி அளவுக்கு அமுங்கும். மருந்து தொண்டைக்கு இறங்காமல் அப்படி அழுத்திப் பிடிக்க வேண்டுமாம். ஹஜ்ரத் முதல் இரண்டு நாள் நின்று பார்த்தார், பிறகு அவரும் பார்ப்பதில்லை. விரல் எடுக்கிறவரை வாஹித் பாஷா அசையாமல் படுத்திருப்பார். தொழுது முடித்தவர்கள் செருப்பைத் தேடிக்கொண்டு அவருடைய வலப்பக்கமாகச் சுற்றிப் போவார்கள்.